நைட் ஷிஃப்ட் வாரம்

எங்கள் வீட்டில் நகை இருந்ததில்லை, டிவி இருந்ததில்லை, இருந்த ஒரே டிரங்குப் பெட்டிக்கும் பூட்டு கிடையாது. காவல் காக்க வேண்டிய பொருள் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் அப்பாவின் தூக்கம். அதற்குக் காவல் என் அம்மா. அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, மாற்று ஆள் கிடையாது. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றி இருந்த அத்தனை லைன் வீடுகளிலும் தேடினாலும் அவளைப் போல அதைச் செய்தவர்கள் கிடையாது. பெற்ற தாய் என்பதற்காகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அப்பா எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டினார். தகட்டைக் கையால் உள்ளே வைக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும், மேலேயிருந்து இரும்பு அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். அது இறங்குவதற்குள் கையை வெளியே எடுத்துவிட வேண்டும். வேலை அவ்வளவுதான். கண் சொருகாமல் இருக்கும் வரைக்கும் சுலபமான வேலை.

கண் சொருகினால் என்ன ஆகும் என்பதை எங்களுக்குக் காட்டியவர் அப்பாவோடு வேலை பார்த்த ஒரு மாமா. ஒரு பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். இலை போட்டதும் இடது கையால் சாப்பிட ஆரம்பித்தார். அம்மா பதறிப்போய் என்னவென்று கேட்டாள். அவர் மடியில் வைத்திருந்த வலது கையை எடுத்துக் காட்டினார். கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும்தான் இருந்தன. "ஒண்ணுமில்ல தங்கச்சி, அன்னிக்கு ராவு லேசா அசந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். குழந்தைகள் நாங்கள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா அப்பாவின் கையைப் பார்த்தாள்.

அன்றிலிருந்துதான் எங்கள் வீட்டில் சட்டம் வந்தது.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். இரவு சாப்பிட்டுவிட்டு சைக்கிளில் கிளம்பினால் காலையில்தான் வருவார். கேண்டீனில் கொடுத்த பன்னைத் தான் தின்னாமல் எங்களுக்குக் கொண்டு வருவார். சைக்கிள் மணி கேட்டதும் நாங்கள் மூன்று பேரும் ஓடுவோம், நானும் என் இரண்டு தம்பிகளும். நாங்கள் பன்னைத் தேடுவோம். டிபன் கேரியரை வாங்குகிற சாக்கில் அம்மா அவர் இரண்டு கைகளையும் ஒரு தரம் பார்த்துவிடுவாள். பிறகு குளியல், சாப்பாடு, படுக்கை. எட்டு மணிக்குப் படுத்தால் இரண்டு மணிக்கு எழுந்திருப்பார். எட்டிலிருந்து இரண்டு வரை எங்கள் வீட்டில் ஒரு ஸ்பூன் கீழே விழக்கூடாது.

வீடு என்றால் ஓர் அறை, அதை ஒட்டி ஒரு சமையற்கட்டு, தலைக்கு மேலே சிமென்ட் ஷீட். அந்த அறைக்குள் ஒருவர் தூங்க, மூன்று பிள்ளைகள் வளர, சோறு வேக, துணி துவைக்க வேண்டும். இதை அம்மா எப்படிச் சமாளித்தாள் என்று இன்று நினைத்தால் எனக்கே தலை சுற்றுகிறது. பக்கத்துப் போர்ஷனில் ஒரு டீச்சர் அக்கா இருந்தார். வேதக்காரர்கள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அக்காவுக்கு வேலை. அவருடைய கைக்குழந்தையும் வீட்டுச் சாவியும் பகல் முழுக்க அம்மாவிடம்தான். நைட் ஷிஃப்ட் வாரத்தில் எங்கள் குக்கர் அந்த வீட்டுக்குக் குடிபோய்விடும். விசில் அங்கே அடிக்கும், சோறு இங்கே வரும். அம்மி அரைப்பது, உரலில் இடிப்பது எல்லாம் அப்பா வீடு திரும்புவதற்கு முன்னாலேயே முடிந்திருக்கும். நாங்கள் கண் விழிக்கும்போது சட்னி தயாராக இருக்கும். அது எப்போது அரைபட்டது என்று யார் யோசித்தோம்?

காம்பவுண்டு கேட்டில் அம்மா ஒரு சிவப்புத் துண்டைக் கட்டுவாள். அது தொங்கினால் அப்பா தூங்குகிறார் என்று அர்த்தம். கீரைக்காரம்மா தெருமுனையில் "அரக்கீர, சிறுகீர" என்று ஊரைக் கூட்டிக்கொண்டு வரும், துண்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்ளும். ஜன்னல் கம்பி வழியாக ஒரு கீரைக்கட்டை நீட்டி ஆட்டிக் காட்டும். அம்மா வேண்டும் வேண்டாம் என்று தலையால் சொல்வாள். பேரம்கூட விரலாலேயே நடக்கும். அதிலும் அம்மாதான் ஜெயிப்பாள். ஐஸ்காரர் மணியைக் கையால் பொத்திக்கொண்டு வண்டி தள்ளுவார். புதிதாக வந்த பழைய பேப்பர்காரன் ஒருவன் துண்டுக்கு அர்த்தம் தெரியாமல் ஒரு தரம் கத்திவிட்டான். அம்மா வெளியே வந்து பார்த்த பார்வையில் அவன் அந்தத் தெருவையே விட்டுவிட்டான்.

எங்களுக்கும் பயிற்சி இருந்தது. சண்டை போடலாம், ஆனால் உதட்டை மட்டும் அசைத்துப் போட வேண்டும். கிள்ளினால் கிள்ளலாம், கிள்ளு வாங்கியவன் கொல்லைப்புறம் போய்த்தான் அழ வேண்டும். என் சின்னத் தம்பி பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே கிசுகிசுக்கக் கற்றுக்கொண்டான். எனக்கு அதெல்லாம் எரிச்சலாக வரும். மற்ற வீட்டுப் பெண்கள் கைதட்டி விளையாடும்போது நான் மட்டும் கையை ஓங்கி, சத்தம் வராமல் நிறுத்திக்கொண்டிருப்பேன்.

என் சித்தி பக்கத்து ஊரான பாடியில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைத்தாள். கையில் வாட்ச் கட்டியிருப்பாள். அம்மா பத்தாவது முடித்தவள், டைப்ரைட்டிங் வேறு பாஸ். வருகிற போதெல்லாம் சித்தி ஆரம்பிப்பாள்.

"ஊட்லயே குந்திகினு இன்னாக்கா பண்ற? எங்க கம்பெனில ஆளு எடுக்கறாங்க, வாயேன்."

"நான் வந்துட்டா மாமா தூக்கத்த யாரு பாத்துக்கறது?"

"தூங்கறதுக்குக் கூடவாக்கா ஒரு ஆளு?"

"பகல்ல தூங்கிப் பாருடி, அப்பறம் சொல்லு" என்பாள் அம்மா. சித்தி தலையில் அடித்துக்கொண்டு போவாள். முப்பது வருஷத்துக்கு மேல் பிரஸ் ஓட்டிவிட்டு என் அப்பா பத்து விரலோடு ரிட்டையர் ஆனார். கம்பெனியில் அவருக்குச் சால்வை போட்டார்கள், கடிகாரம் கொடுத்தார்கள். போட வேண்டிய ஆளுக்குப் போடவில்லை என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு.

சரி, நான் சொல்ல வந்தது அந்த ஆடி மாதத்துக் கதை. எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும்.

எங்கள் லைன் வீடுகளுக்கு ஒரு பக்கம் பழைய ஊர், மறுபக்கம் அயனம்பாக்கம் ஏரி. பழைய ஊரில் ஓர் அம்மன் கோவில். ஆடியில் வெள்ளிக்கிழமை காப்புக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவார்கள். விழாவை எடுத்து நடத்துகிறவர் எங்கள் பால்காரர். நாலு எருமை, கொஞ்சம் நிலம், பெரிய மீசை. கோவில் விஷயத்தில் அவர் சொன்னதுதான் பேச்சு. எல்லா வருஷமும் ரேடியோ செட்டுக் குழாயைக் கோவில் வாசலில் மட்டும் கட்டுவார்கள். அந்த வருஷம் வசூல் நன்றாக ஆகிவிட்டது போலிருக்கிறது. கூடுதலாக ஒரு குழாய் வாங்கி எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்த விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். அது நைட் ஷிஃப்ட் வாரம்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா படுத்தார், குழாய் பாட ஆரம்பித்தது. பாட்டு என்றால் சாதாரணப் பாட்டா? ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தண்ணீர்க் குடத்தின் மூடி தானாகக் கிணுகிணுவென்று ஆடியது. அம்மா ஜன்னலைச் சாத்தினாள், இடுக்கில் துணியைத் திணித்தாள், அப்பாவின் காதில் பஞ்சு வைத்தாள். சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே ஜன்னலைச் சாத்தினால் அறை அடுப்பாகிவிடும். அப்பா வேர்வையில் நனைந்து புரண்டு புரண்டு படுத்தார். பதினோரு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"விடு, பரவால்ல" என்றார். அவர் பேச்சில் பாதி இந்த இரண்டு வார்த்தைதான்.

அன்று இரவு முகத்தை மூன்று முறை கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். சைக்கிள் திரும்பிய பிறகும் அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது, நான் தூங்கிவிட்டேன்.

சனிக்கிழமை காலை அப்பா வந்தார். விரல்கள் இருந்தன. ஆனால் சாப்பிடும்போது, ஏதோ வேடிக்கை சொல்வது போல, "விடியக்கால கண்ண மூடிட்டேன் போலகீது. நல்லவேள, ஃபோர்மேன் வந்து தோளத் தட்டுனாரு" என்றார். அம்மா ஊற்றிக்கொண்டிருந்த குழம்பு தட்டுக்கு வெளியே வழிந்தது. அவர் சாப்பிட்டு முடித்ததும் அம்மா பாயை விரித்துவிட்டு, தலையைக்கூட வாரிக்கொள்ளாமல் வெளியே இறங்கினாள். வேடிக்கை பார்க்கலாமே என்று நானும் பின்னால் ஓடினேன்.

பால்காரர் வீட்டு வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மைக் செட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா நேராகப் போய் நின்றாள்.

"ண்ணா, எங்க ஊட்டாண்ட கட்டிக்கீற குழாய அவுத்துடுங்க."

"இன்னாமா இது? ஆத்தா பாட்டு ஊருக்கே கேக்கணும்னுதான் காசு குட்து கட்டிக்கீறோம். ஒனக்கு மட்டும் கசக்குதா?"

"பாட்டு வேணான்னு நான் சொல்லல. எங்க ஊட்டுக்காரரு நைட் ஷிஃப்டு. பிரஸ்ல கீறாரு. பகல்ல தூங்கலன்னா ராத்திரி கை போயிடும்."

"காதுல பஞ்சு வெச்சிகினு தூங்கச் சொல்லு."

"வெச்சுப் பாத்துட்டேன். தலகாணி வெச்சும் பாத்துட்டேன். உங்க செட்டு நல்ல செட்டுண்ணா, எல்லாத்தயும் தாண்டிகினு கேக்குது."

மைக் செட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பால்காரருக்கு வரவில்லை. திருவிழா நேரத்தில் ஒரு பொம்பளை வந்து குழாயை அவிழ்க்கச் சொல்வதா என்று அவருக்குக் கோபம். முடியாது என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவினார். எனக்கு அழுகை வரும் போல இருந்தது. அம்மா நகரவில்லை. அவள் கண் வீட்டுக்குள்ளே போனது. உள்ளே பால்காரரின் மனைவி காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். வருஷா வருஷம் கூழ் காய்ச்சுகிறவர் அவர்தான்.

"அண்ணி கால் எப்டிக்கீது? கூழு யாரு காய்ச்சறாங்க?" என்று கேட்டாள் அம்மா.

பால்காரர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்தது. "கேளும்மா, நல்லா கேளு! மாவு கரைச்சுப் புளிச்சுக் கெடக்குது. கிளற ஆளில்ல. அண்டாகிட்ட ராவெல்லாம் நிக்கணும்னா எவளும் வர மாட்டேன்றாளுங்க. இந்த மனுசன் குழா கட்றதுலயே கீறாரு!"

"நான் காய்ச்சறேண்ணா" என்றாள் அம்மா. "காப்புக் கட்டி, விரதமிருந்து, நின்னு காய்ச்சித் தரேன். காலைல எட்டுலருந்து ரெண்டு வரைக்கும் எங்க தெருவுல சத்தம் வேணாம். குழாயும் வேணாம், பம்பையும் வேணாம்."

"ராவெல்லாம் நிக்கணும். முடியுமா?"

"நிக்கறதுதானே. நின்னுட்டாப் போச்சு."

உள்ளேயிருந்து அண்ணி, "ஒத்துக்கோயா!" என்று கத்தினார். பால்காரர் ஒத்துக்கொண்டார். ஆனால் கட்டிய குழாயை அவிழ்ப்பது அவருடைய மீசைக்கு இழுக்கு. அதனால் அவிழ்க்கவில்லை, ஏரிப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அன்று அயனம்பாக்கம் ஏரியில் இருந்த மீனுக்கும் கொக்குக்கும் நல்ல பாட்டுக் கச்சேரி. அப்பா தூங்கினார்.

அன்று சாயங்காலம் அம்மாவின் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு இருந்தது. எங்களுக்குச் சோறு போட்டாள், அப்பாவுக்குக் கேரியர் கட்டினாள், டீச்சர் அக்காவின் குழந்தையைக் குளிப்பாட்டி அவரிடம் ஒப்படைத்தாள். எங்களையும் அக்காவிடமே படுக்கச் சொல்லிவிட்டுக் கோவிலுக்குப் போனாள். கேழ்வரகுக் கூழைக் கிளறுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அண்டா ஓர் ஆள் உள்ளே உட்காருகிற அளவு இருக்கும். துடுப்பு அம்மாவின் தோள் உயரம். கிளறுவதை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். அடிப்பிடித்தால் ஊருக்கே ஆகாது என்பார்கள். காலையில் நாங்கள் போய்ப் பார்த்தபோது மூன்று அண்டாக் கூழ் ஆறிக்கொண்டிருந்தது. ஒன்றில்கூடத் தீய்ந்த வாசனை இல்லை. அம்மா அங்கே இல்லை. அப்பா வருகிற நேரம் என்று வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

அடுத்து நடந்ததை இன்றுவரை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஏரிக்கரையிலிருந்து கரகம் கிளம்பியது. கோவிலுக்குப் போக எங்கள் தெருவைத் தவிர வேறு வழியில்லை. முன்னால் பம்பை, உடுக்கை, பின்னால் வேப்பிலையோடு கரகம், அதற்குப் பின்னால் ஊர். சத்தம் தெருமுனையில் கேட்டபோது நான் கேட்டில் நின்றேன். சிவப்புத் துண்டு என் தலைக்கு மேலே தொங்கியது. அம்மா குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு வாசலில் நின்றாள். முகத்தில் ஒரு பயமும் இல்லை. கொடுத்த வாக்கைப் பால்காரர் காப்பாற்றுவார் என்று அவளுக்கு அவ்வளவு உறுதி.

தெரு திரும்பும் இடத்தில் பால்காரர் கையைத் தூக்கினார். பம்பை நின்றது. உடுக்கை நின்றது. கரகம் தூக்கியவர் சலங்கை கட்டியிருந்தார், குனிந்து ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. அதனால் பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தார். அவருக்குப் பின்னால் அத்தனை ஜனமும் நுனிக்காலில் வந்தது. கிழவர்கள் இருமலை அடக்கிக்கொண்டார்கள். ஒரு குழந்தை வாயைத் திறந்ததும் அதன் தாய் முந்தானையை வைத்து அமுக்கினாள். எங்கள் வாசலில் கரகம் நின்றது. அம்மா கரகம் தூக்கியவர் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றி விழுந்து கும்பிட்டாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எல்லாரும் அப்படியே நகர்ந்து, மளிகைக் கடையைத் தாண்டியதும்தான் பம்பை மறுபடி அடித்தது.

எந்த வீட்டு அப்பாவுக்காக அம்மன் நுனிக்காலில் நடந்திருக்கிறாள், சொல்லுங்கள் பார்ப்போம். என் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. அப்பா உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மதியம் கூழ் ஊற்றினார்கள். வரிசை மளிகைக் கடை வரை நின்றது. குண்டான், சொம்பு, தூக்குவாளி என்று நீட்ட நீட்ட, அம்மாதான் மொண்டு மொண்டு ஊற்றினாள். "அண்ணி கையாலகூட இந்த ருசி வராது" என்று யாரோ சொன்னதற்கு மாவுக்கட்டுக் காலோடு நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்த அண்ணியே சிரித்தார். கடைசிச் சொம்பையும் ஊற்றிவிட்டு அம்மா பந்தல் கால் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். அவள் தலைக்கு மேலேதான் கோவில் குழாய் முழங்கிக்கொண்டிருந்தது. நான் அடுத்த தெருப் பெண்ணிடம் அவள் என் அம்மா என்று காட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அது நடந்தது.

அம்மாவின் கண் மூடியது. தலை மெதுவாக வலது பக்கம் சாய்ந்தது, வெடுக்கென்று நிமிர்ந்தது. இடது பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது. பிறகு உடம்பே முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தது. கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெண் பார்த்துவிட்டு, "யம்மாடி, ஆத்தா வந்துட்டாடீ!" என்று அலறினாள்.

அவ்வளவுதான், கூட்டம் சேர்ந்துவிட்டது. பம்பைக்காரர்கள் ஓடிவந்து அம்மாவின் காதுக்குப் பக்கத்திலேயே அடித்தார்கள். யாரோ நெற்றியில் குங்குமம் அப்பினார்கள், மடியில் வேப்பிலையை வைத்தார்கள். அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. அந்தச் சத்தத்துக்குச் செத்தவனே எழுந்து உட்கார்ந்திருப்பான். பால்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி முன்னால் வந்தார்.

"ஆத்தா, எங்கமேல இன்னா கோவம்? இன்னா வோணும், கேளு தாயே!"

பம்பை நின்றது. எல்லாரும் குனிந்து காதைக் கொடுத்தார்கள். அம்மா வாய் திறக்காமல் முனகினாள். அப்புறம் தெளிவாகவே சொன்னாள். "சத்தம் போடாதீங்க... சத்தம் போடாதீங்க..."

பால்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அடேய், நிறுத்துடா செட்ட! ஆத்தாவுக்குச் சத்தம் ஆவலியாம்டா!" என்று கத்தினார். குழாய் நின்றது. பம்பைக்காரர்கள் பம்பையைக் கீழே வைத்தார்கள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறினார்கள். ஆட்டம் நின்றுவிட்டது. அம்மா பந்தல் காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள், முகம் அமைதியாகிவிட்டது. ஊர் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கூழ் காய்ச்சினாள், அம்மனை நுனிக்காலில் நடக்க வைத்தாள், இப்போது அம்மனே அவள்மேல் இறங்கிவிட்டாள்! திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் யாரிடம் முதலில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்களைத் தேடிக்கொண்டு டீச்சர் அக்கா வந்தார். கூட்டத்தை விலக்கி எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து, குனிந்து காதோடு சொன்னார்.

"உங்க அம்மாவ எழுப்பிடாதடி. பாவம், தூங்கறாங்க. இந்த வாரம் முழுக்க இப்பதான் தூங்கறாங்க."

எனக்குச் சிரிப்பாக வந்தது. தூங்குகிறாளாம்! ஊரே கைகூப்பி நிற்கிறது, இவருக்குத் தூக்கமாகத் தெரிகிறது. பாவம், வேதக்காரங்க, சாமி வருவதைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்கள் தப்பாகச் சொன்னால் திருத்தக்கூடாது என்பதால் சும்மா இருந்தேன்.

இரண்டு மணிக்கு மேல் அப்பா வந்தார். எழுந்து பார்த்திருக்கிறார், வீட்டில் யாரும் இல்லை. லுங்கியும் பனியனும் தோளில் துண்டுமாக, கலைந்த தலையோடு கோவில் வாசலில் வந்து நின்றார். கூட்டம் வழிவிட்டது. பால்காரர் அவரிடம் பயபக்தியோடு விஷயத்தைச் சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். வெயில் நகர்ந்து அம்மாவின் முகத்துக்கு வந்திருந்தது. அப்பா தன் துண்டைப் பிரித்து அந்தப் பக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

என் சின்னத் தம்பி "ப்பா!" என்று கூவிக்கொண்டு ஓடிவந்தான். அப்பா உதட்டில் விரலை வைத்து, "உஷ்" என்றார். அப்பா அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. தம்பி அப்படியே நின்றுவிட்டான். நான் கிட்டே போய், "சாமி எப்பப்பா போவும்?" என்று கிசுகிசுத்தேன்.

"போவும்போது போவட்டும். நீ சத்தம் போடாம ஒக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. திருவிழாவில் ஒரு சத்தமும் இல்லை. துண்டைப் பிடித்திருந்த அப்பாவின் கை நெடுநேரம் அசையவில்லை. மற்றக் கையால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாவுக்கு இவ்வளவு பக்தி உண்டு என்று எனக்கு அன்றுவரை தெரியாது.